தேறல்: ஒரு சொல்லும் யவனர் சாடியும்

சங்க நூல்களுக்குச் சொற்பொருள் எழுதுவோரிற் பலர் ஒரு சுருக்கு வழியைக் கைக்கொண்டிருக்கின்றனர். நறவு என்றால் கள். மட்டு என்றால் கள். பிழி, அரியல், தோப்பி, வேரி, தேறல் ஆகிய எல்லாவற்றிற்கும் எதிரே அதே ஒரு சொல்லை எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுகின்றனர். அகராதிக்கு இது போதலாம், வகுப்பறைக்குப் போதாது. கெடா மாநிலத்தின் தென்பகுதியில், செர்டாங் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் 'கள்' என்ற சொல் தனிப்பட்ட பொருளுடையது. தோட்டத்து ஓரத்தில் தகரக் கூரையிட்ட கடை. பிற்பகலில் அதன்முன் நிற்கும் வரிசை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு மங்கு. இருட்டிய பின் லயத்தில் எழும் கூச்சல். சம்பளம் வாங்கிய மறுவாரமே அடுப்பெரியாத வீடு. என் வயதினர் இவற்றைக் கண்ணாற் கண்டவர்கள். இன்றைய மாணவர் கண்டிராவிட்டாலும் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பர்.

இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு புறநானூற்றைத் திறந்தால் இரண்டு தீங்குகள் நேர்கின்றன. ஆசிரியருள் ஒரு சாரார் கூச்சமுற்று அப்பாட்டுக்களைத் தாண்டிப் போய்விடுகின்றனர். நம் முன்னோரின் வாழ்வில் ஒரு பகுதி பிள்ளைகளுக்குத் தெரியாமலே மறைந்துவிடுகிறது. மற்றொரு சாரார் ஆசிரியர் அல்லர், குடிப்பவர். "அதியமான் குடித்தான், ஔவையார் குடித்தார், நாங்கள் குடித்தால் மட்டும் குற்றமா?" என்று அவர்கள் கேட்கும்போது, தலைகுனிந்து நிற்கும் தமிழாசிரியரை நான் பார்த்திருக்கிறேன். கூசுபவரும் வாதிடுபவரும் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கின்றனர்: அன்று அரசன் பொற்கிண்ணத்தில் ஏந்தியதும் இன்று கடையில் மங்கில் ஊற்றியதும் ஒன்றே என்பது அந்த நம்பிக்கை. அது உண்மைதானா என்பதைத் 'தேறல்' என்ற ஒரு சொல்லைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கள்ளின் வாழ்நாள்

முதலில் நாம் அறிந்த பொருளிலிருந்து தொடங்குதல் நலம். தென்னம்பாளையைச் சீவினால் வடியும் சாறு, வடியும் அப்பொழுதில் கள் அன்று. அது இனிப்பு நீர். நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சீனி அதில் உண்டு. புளிப்போ ஏறக்குறைய இல்லவே இல்லை. மரத்திற் கட்டிய கலயத்திலேயே காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதிச் சிற்றுயிர்கள் அச்சீனியைத் தின்னத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது மாலைக்குள் நுரைத்துப் பொங்கிக் கள்ளாகும். அவ்வேளையில் அதில் வெறியச் சாரம் நூற்றுக்கு நான்கு ஐந்து பங்கு இருக்கும். அதன் பின்னர் வேறு வகைச் சிற்றுயிர்கள் வந்து அந்தச் சாரத்தையே காடியாக மாற்றும். ஆகவே நேற்றைய கள்ளை இன்று விற்க முடியாது. இன்றையதை இன்றே குடித்துத் தீர்க்கவேண்டும். கடைக்காரனுக்கும் இந்த அவசரம், குடிப்பவனுக்கும் இந்த அவசரம்.

தோட்டத்துக் குடிக்கு வேகமும் அளவின்மையும் வந்ததற்கு இந்த இயல்பும் ஒரு காரணம் என்பது என் கருத்து. கள் மூடிய பிறகு தேடிப்போன சம்சுவின் கதை இதனினும் கொடியது. அதை இங்கே எழுதப் போவதில்லை. 1947ஆம் ஆண்டில் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளின் முன் நின்று மறியல் செய்தார்கள். காவற்படையினரின் அடியையும் சிறையையும் ஏற்றார்கள். அவர்கள் எதிர்த்து நின்றது எதை என்பதில் நமக்கு ஐயம் வேண்டா. திருவள்ளுவர் தம் நூலின் 93ஆம் அதிகாரத்திற்குக் 'கள்ளுண்ணாமை' என்று தலைப்பிட்டதையும் நாம் மறந்துவிடவில்லை.

யவனர் கொணர்ந்தது

இனிப் புறநானூற்றின் 56ஆம் பாட்டைப் பார்ப்போம். பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்து தந்த, குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பெண்டிர் பொற்கிண்ணத்தில் ஏந்தி நாள்தோறும் ஊட்ட, நீ மகிழ்ந்து வாழ்க என்று வாழ்த்துகிறார் புலவர். யவனர் என்போர் கிரேக்கரும் உரோமரும் அவர்தம் கப்பல்களில் வந்த பிறருமாவர். 'கலம்' என்ற சொல்லுக்கு மரக்கலம் என்றும் பொருளுண்டு, ஏனம் என்றும் பொருளுண்டு. பழைய உரைகாரர் அதைக் குப்பி என்று கொண்டார். கப்பலில் வந்ததா, குப்பியில் வந்ததா என்று இங்கே வழக்காட வேண்டியதில்லை. கப்பலில்தான் வந்தது, ஏனத்தில் அடைத்துத்தான் வந்தது. அந்த ஏனமே இன்று நம் கையில் இருக்கிறது.

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு என்னும் திடல் உள்ளது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், அங்கே பேராசிரியராயிருந்த ழூவோ துப்ராய் என்னும் பிரெஞ்சுக்காரர் 1930-களில் இத்திடலின் சிறப்பை முதலில் உணர்ந்தவர். 1945இல் மார்ட்டிமர் வீலரும், அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை கசால் என்னும் பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்தனர். இரு புறமும் பிடிவைத்த, கழுத்து நீண்ட, அடி கூரிய மண்சாடிகளின் உடைந்த ஓடுகள் அங்கே கிடைத்தன. ஆம்போரா என்பது அச்சாடியின் பெயர். கப்பலின் அடித்தளத்தில் ஒன்றோடொன்று சாய்த்து அடுக்குவதற்காகவே அடியைக் கூராக்கினார்கள். சில ஓடுகளின் உட்புறத்தில் பிசின் ஒட்டியிருந்தது. மண்சாடியில் ஊற்றிய மது கசிந்து போகாமலும் காற்றுப் புகுந்து கெடாமலும் இருக்க உள்ளே மரப்பிசின் பூசுவது அக்காலத்து வழக்கம். (இந்நாட்டு வாசகர்க்கு ஒரு செய்தி: அரிக்கமேட்டில் செய்யப்பட்ட வகைக் கண்ணாடி மணிகள் நம் கெடாவின் சுங்கை மாஸிலும் கிடைத்துள்ளன. பட்டினப்பாலை கூறும் காழகம் கடாரமே என்பது நச்சினார்க்கினியர் உரை. நாம் இந்தக் கதைக்கு முற்றிலும் வெளியாட்கள் அல்லேம்.)

சாடிகளின் அருமை அவற்றின் வடிவத்தில் இருக்கிறது. எலிசபெத் லைடிங் வில் என்னும் அம்மையார் இத்தகைய சாடிகளை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். ஊருக்கு ஊர் சாடியின் உதடும் தோளும் பிடியும் மாறும். கோஸ் தீவின் சாடிக்குப் பிடி இரட்டைத் தண்டாக இருக்கும், இரண்டு குச்சிகளைச் சேர்த்து ஒட்டியது போல. ரோட்ஸ் தீவின் பிடி வேறு. இத்தாலியின் கம்பானியா நாட்டு மண் வேறு. எழுத்தறியாத சுமைகூலியும் துறைமுகத்தில் பிடியைத் தொட்டுப் பார்த்தே இது எவ்வூர் மது என்று சொல்லியிருக்கக்கூடும். கோஸ் தீவு மது கடல்நீர் கலந்து செய்யப்படுவது. உப்பு அதனைக் கெடாமற் காத்தது. அதன் பெயர் எவ்வளவு பரவியிருந்தது என்றால், அத்தீவைச் சாராத உரோமர் கேட்டோ தம் உழவு நூலில் கோஸ் மதுவைப் போலச் செய்யும் முறையொன்றை எழுதிவைத்தார். இத்தாலியக் குயவர்களும் அந்த இரட்டைத் தண்டுப் பிடியைப் போலச் செய்தார்கள். நம் ஊர்ச் சந்தையில் எந்த டுரியான் குவியலின் மேலும் பாலிக் புலாவ் என்று எழுதிய அட்டையைச் செருகிவைக்கிறார்களே, அதுவேதான். ஊர்ப்பெயருக்கு விலை இருந்தால்தான் அதைத் திருடுவார்கள்.

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தியக் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய எரித்திரியக் கடற் பெரிபுளூஸ் என்ற வழிநூல் இதற்குச் சான்று தருகிறது. மேற்கிந்தியத் துறையாகிய பரூச்சுக்கு எவ்வெம் மது போகும் என்று எழுதும்போது, இத்தாலிய மதுவை முதலிலும், இலவோடிக்கேயா மதுவையும் அரபு மதுவையும் அடுத்தும் அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. சேரர் துறையாகிய முசிறிக்கு மது போகும், ஆனால் மிகுதியாக அன்று என்கிறது. 'மிகுதியாக அன்று' என்ற அந்தச் சிறு குறிப்பை நக்கீரர் பாட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அது ஊரார் குடித்த பொருள் அன்று. அரண்மனைக்குப் போன அரும்பொருள். பொற்கிண்ணம் புலவரின் வெறும் புனைவு அன்று என்பது இதனாற் புலனாகும்.

ஓராண்டு மதுவும் இருபதாண்டு மதுவும்

கம்பானியா நாட்டுச் சாடிகள் அரிக்கமேட்டுக்கு வந்தன என்றேன். அந்நாட்டின் புகழ்பெற்ற மது பலேர்னியம். முற்றியபின் பொன்னிறமும் பழுப்பும் கலந்த நிறம் பெற்ற மது அது. அதைப் பற்றி உரோமர் பிளினி எழுதியவற்றைப் படித்தால் வியப்பு உண்டாகும். ஒரே மலைச்சரிவில் உச்சியில் விளைவதற்கு ஒரு பெயர், இடைச்சரிவில் விளைவதற்கு ஒரு பெயர், அடிவாரத்தில் விளைவதற்கு ஒரு பெயர். சுவையிலும் மூவகை: வறண்டது, இனியது, மெலிது. கி.மு. 121ஆம் ஆண்டு மது மிகச் சிறந்தது என்றும், இருநூறு ஆண்டுகள் ஆகியும் தம் காலத்தில் அது தேன்போல் இறுகிக் கடுத்த சுவையோடு எஞ்சியிருந்தது என்றும் அவர் கூறுகிறார். பலேர்னியம் பத்தாண்டு கழித்துக் குடிக்கத் தகும், பதினைந்து முதல் இருபதாண்டில் நன்றாயிருக்கும் என்பது மருத்துவர் கேலன் கொள்கை. நம் கள்ளோ இருபது மணி நேரம் தாங்காது. இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது?

உரோமர் மது இன்று இல்லை. ஆனால் அதற்கு நெருங்கிய உறவு முறையில் ஒரு மது இன்றும் செய்யப்படுகிறது. அரிக்கமேட்டைக் கண்டவரின் தாய்நாடாகிய பிரான்சிலே லுவார் என்னும் ஆறு ஓடுகிறது. தூர் நகருக்குச் சற்றுக் கிழக்கே, ஆற்றின் வடகரையில் வூவ்ரே என்னும் ஊர். ஆற்றங்கரை மேடு முழுதும் மென்மையான சுண்ணாம்புக் கல். மேட்டின் தலையில் திராட்சைத் தோட்டம். அதன் கீழே கல்லைக் குடைந்த குகைகள். அவ்வட்டாரத்து மாளிகைகளுக்குக் கல் வெட்டியெடுத்த இடங்களே பின்னர் மது வைக்கும் அறைகளாயின. மக்கள் குடியிருந்த குகைகளும் உண்டு. கோடையிலும் குளிரிலும் அக்குகையின் குளிர்ச்சி ஏறத்தாழப் பன்னிரண்டு பாகையிலேயே நிற்கும். அங்கே வெள்ளை மதுவுக்கு இடுவது பெரும்பாலும் செனின் என்னும் திராட்சையே. அந்தப் பழத்தின் தனித்தன்மை, எவ்வளவு முற்றினாலும் புளிப்பை விடாமை.

லுவார் வட்டாரம் அத்தகைய திராட்சைக்கு வடக்கெல்லை போன்றது. வெயில் குறைந்த ஆண்டில் பழத்தில் சீனி குறையும். அப்போது வறண்ட மது செய்வர். வெயில் மிகுந்து, இலையுதிர் காலத்துப் பனியில் பழம் கொடியிலேயே சுருங்கி இனிப்பேறினால் இன்மது செய்வர். இரண்டிற்கும் இடைப்பட்ட ஆண்டில் கிடைப்பதே பிரெஞ்சுக்காரர் 'தெமி செக்' என்று சொல்வது. 'அரை உலர்ந்தது' என்பது அதன் நேர்ப்பொருள். மனிதன் விரும்பியபடி அன்று, ஆண்டு கொடுத்தபடி மது. 1936 முதல் வூவ்ரே என்ற பெயரை அந்த எல்லைக்குள் விளைந்ததற்கு மட்டுமே இடலாம் என்பது அந்நாட்டுச் சட்டம்.

அந்த அரை இனிப்பு எவ்வளவு? ஐரோப்பியச் சட்டக் கணக்கில் இவ்வகை மதுவில் ஒரு லிட்டருக்குப் பன்னிரண்டு கிராம் வரையிலும், புளிப்புப் போதிய அளவு இருந்தால் பதினெட்டு வரையிலும் சீனி இருக்கலாம். நம் இளநீரிலேயே இதைவிட மிகுதி. ஆனால் இளநீரில் இல்லாத புளிப்பு இதில் உண்டு. அதனால் நாவில் தித்திப்பு எனத் தோன்றாது. மாங்காய்க்கும் மாம்பழத்துக்கும் நடுவே செங்காய் என்று ஒரு பருவம் உண்டல்லவா, அதன் சுவையை நினைத்துக்கொள்க.

இப்போது கள்ளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். தென்னஞ்சாற்றில் புளிப்பு இல்லை, ஆகவே எந்தச் சிற்றுயிரும் எளிதிற் புகும். திராட்சைச் சாற்றின் புளிப்பு பெரும்பாலானவற்றை வாசலிலேயே தடுத்துவிடும். கள்ளில் சாரம் நான்கைந்து பங்கு. திராட்சை மதுவில் பன்னிரண்டு பங்களவு, அதில் காடிச் சிற்றுயிர்கள் காற்றில்லாமல் வேலை செய்யமாட்டா. கள் திறந்த கலயத்தில் நம் ஊர் வெப்பத்தில் நிற்கிறது. மது அடைத்த குப்பியில் குகைக் குளிரில் கிடக்கிறது. கெடுக்கும் கை அகன்றபின் காலம் வேறொரு வேலையைத் தொடங்குகிறது. புளிப்பும் சாரமும் மெல்ல மெல்லக் கூடிப் புதிய மணங்களைப் பிறப்பிக்கின்றன. வைக்கோல் நிறம் பொன்னிறமாகிறது. புதியதில் இருந்த பச்சைக்காய் வாசனை போய்த் தேன், தேன்மெழுகு, உலர்ந்த பூ, கொட்டைப் பருப்பு என்பவற்றின் மணம் எழுகிறது. சீனி அப்படியே இருக்க, இனிப்பு மட்டும் நாவுக்குக் குறைந்ததுபோலத் தோன்றுகிறது. 1947ஆம் ஆண்டு வெயிலில் விளைந்த வூவ்ரே மது மிகச் சிறந்தது என்று இன்றும் பேசப்படுகிறது. பீடோங்கில் மறியல் நடந்த அதே ஆண்டு.

நிலம் சுவையைத் தருமா என்று ஐயுறுவோர் பெர்லிஸ் மாநிலத்து ஹாரும் மானிஸ் மாங்கன்றைக் கொண்டுவந்து செர்டாங்கில் நட்டுப் பார்க்கட்டும். மரம் வளரும், தழைக்கும். பெர்லிஸின் நீண்ட வறட்சிக் காலம் இங்கே இல்லாமையால் அந்தப் பழம் இங்கே அப்படி வாய்ப்பதில்லை. பிரெஞ்சுக்காரர் இதற்குத் தனிச்சொல் வைத்துப் பெருமை கொள்கின்றனர். நாம் இதைத் திணை என்றோம். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது, தெய்வத்துக்கு அடுத்தபடியாகவே உணவை வைத்தார் என்பதை நினைவு கூர்க.

மூங்கிலில் விளைந்தது

நிலத்துக்கொரு குடிவகை சங்கப் பாட்டில் உண்டா? உண்டு. உழவும் மீன்பிடிப்பும் உள்ள இடத்தில் அரிசியினின்று வடித்தது. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதன் செய்முறையையே பாட்டாக்கியிருக்கிறார். தீட்டாத அரிசியைக் களியாகக் கிண்டி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, முளையினாற் செய்த அடையைப் பொடித்துக் கலந்து, வலிய வாயுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, பச்சை வாடை நீங்க விளைந்தபின் விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பது. இந்த அடிகளை விளக்க நான் நெடுநேரம் செலவிடுவதில்லை. "உங்கள் மலாய்த் தோழியின் வீட்டில் பெருநாளுக்குத் தப்பாய் எப்படிச் செய்கிறார்கள்?" என்று கேட்பேன். புளுட் அரிசியை வேகவைத்து, ஆறவிட்டு, ராகி என்னும் புளிப்பு மாவைத் தூவி, ரப்பர் இலையில் பொதிந்து இரண்டு மூன்று நாள் வைப்பார்கள் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். தப்பாய் தின்பண்டம், பாட்டில் வருவது குடிப்பண்டம். முறை ஒன்றே.

குறிஞ்சியில் கதை வேறு. அங்கே தேன் உண்டு, பழம் உண்டு, மூங்கில் உண்டு. திருமுருகாற்றுப்படையில் குறவர் சுற்றத்தோடு உண்பது நெடிய மூங்கிற் குழாயில் விளைந்த தேன் தேறல். பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர் (புறம் 120) நிலத்தில் புதைத்து முற்றவைத்த தேறலைக் கூறுகிறார். புதைத்தது ஏன்? குளிர்ச்சிக்காகவும், காற்றுப் படாமைக்காகவும் என்றே நான் கொள்கிறேன். லுவார்க் கரையில் குகை செய்யும் வேலையைப் பறம்பு மலையில் மண் செய்தது. உரோமர் பிசின் பூசிய சாடியின் வேலையைக் கணுவுக்குக் கணு மூடிய மூங்கில் செய்தது.

எல்லாவற்றினும் விரிவாகக் கூறுவது அகநானூற்றின் 348ஆம் பாட்டு. அதைப் பாடியவர் மதுரை இளம்பாலாசிரியன் சேந்தன் கூத்தனார். பெயரைப் பார்த்தால் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் போலும். ஆகவே எங்கள் தொழிற்காரர் என்று அவர்மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு. முற்றத்து மாமரத்தில் கோடையில் கனிந்த மணமுள்ள பழம், அதனோடு பலாச்சுளை, அதனோடு தேனடை. இவற்றைச் சேர்த்து, கணு நீண்ட மூங்கிலில் இட்டு முற்றவைக்கின்றனர். அது பாம்பின் சீற்றம் போலக் கடுக்கிறது. முதலில் உயர்ந்த மலையின் தெய்வத்துக்குப் படைத்துவிட்டு, பிறகு பெண்கள் ஊட்டக் குறவர் குடிக்கின்றனர். பழமும் தேனும் அடைத்த ஏனமும் காலமும் கூடியது அது. தமிழ் நிலத்தில் யவனர் மதுவுக்கு நிகராக ஒன்று உண்டா என்று யாரேனும் கேட்டால் இந்தப் பாட்டையே நான் காட்டுவேன். ஒரு வேற்றுமை உண்டு: புலவர் எவரும் இத்தனை ஆண்டு வைத்தது என்று கணக்குச் சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கு உரோமரிடமே வருகிறது.

அப்பாட்டு அங்கே நிற்கவில்லை. குடித்த குறவர் தினைப்புனக் காவலை மறந்துவிடுகின்றனர். யானை வந்து தினையைக் கொண்டுபோய்விடுகிறது. "சங்கப் புலவரே பாடினாரே" என்று வாதிடுபவர் இந்தப் பின்பாதியைப் படிப்பதில்லை. கூசி ஒதுங்கும் ஆசிரியரும் படிப்பதில்லை.

சொல்லின் வேர்

இனித் தேறல் என்ற சொல்லுக்கு வருவோம். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்து விட்டால் நீர் தெளியும். நோயுற்றவன் உடம்பு தேறினான் என்கிறோம். மாணவன் தேர்வில் தேறினான் என்கிறோம். கலக்கம் போய்த் தெளிவு வருதலே தேறுதல். ஆகவே தேறல் என்பது அடிமண்டி நீங்கித் தெளிந்தது. தெளிவதற்குக் காலம் வேண்டும். பாளையிலிருந்து இறங்கி மாலைக்குள் தீரும் வெண்ணிறக் கலங்கற் கள்ளுக்கு இப்பெயர் பொருந்தாது.

இச்சொல்லோடு வரும் வினைகளையும் நோக்குக. மூங்கிலில் 'விளைந்த' என்கின்றனர், நெல் விளைவதைச் சொல்வது போல. புதைத்துப் 'பழுனிய' என்கின்றனர், பழம் பழுப்பது போல. அரிசி மது பற்றிய பாட்டிலே 'வழைச்சு' என்று ஒரு சொல் வருகிறது. இளமை வாடை, பச்சை மணம் என்பது பொருள். அது நீங்க வேண்டும் என்று அறிந்திருந்தார்கள். நொதிக்கும் பொருளைக் காலம் என்ன செய்கிறது என்பதைக் கூர்ந்து பார்த்த மக்களிடத்தில்தான் இத்தனை சொற்கள் பிறக்கும். எல்லாவற்றிற்கும் எதிரே 'கள்' என்று எழுதுகிறபோது நாம் அழிப்பது குடியை அன்று. இந்தச் சொற்களையும் அவற்றிற்குள் இருக்கும் அறிவையும்.

அதற்காகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதுவின் வகைகளைப் பாராட்டிச் சொல்ல வேண்டும் என்று நான் கூறவில்லை. யவனர் தேறலைப் பாண்டியன் உண்டான் என்பது வரலாறு. நம் தோட்டத்துக் குடும்பங்களைக் கள் உருக்குலைத்தது என்பதும் வரலாறு. ஒன்றை மற்றொன்றாகக் காட்டினால் இரண்டும் பொய்யாகிவிடும். ஔவையார் அதியமானை நினைந்து அழுத பாட்டில் (புறம் 235), சிறிதளவு கள் கிடைத்தால் அவன் எமக்கே கொடுத்துவிடுவான், மிகுதியாகக் கிடைத்தால் யாம் பாடத் தானும் உண்பான் என்கிறார். அங்கே 'கள்' என்ற சொல்லே வருகிறது. ஆனாலும் பாட்டு அளப்பது கள்ளை அன்று, கொடுத்த கையை. அதையும் குடிகாரர் தம் சான்றாகக் காட்டுவது எப்படி நடக்கிறது என்பது எனக்கு விளங்குவதில்லை.

ஆசிரியப் பயிற்சிக்கு வரும் இளைஞரிடம் நான் சொல்வது இதுதான். சொற்பொருள் எழுதும்போது தோப்பி என்றால் அரிசியிலோ பழத்திலோ வீட்டிற் செய்த குடிவகை என்று எழுதுங்கள். பிழி என்றால் பிழிந்து வடித்தது. அரியல் என்றால் அரித்தெடுத்தது. தேறல் என்றால் முற்றித் தெளிந்தது. புறநானூற்று 56ஆம் பாட்டில் மட்டும் 'யவனர் சாடியில் வந்த திராட்சைத் தேறல்' என்று எழுதி, பக்கத்தில் இரு பிடி வைத்த, அடி கூரிய சாடியொன்றைக் கரும்பலகையில் வரையுங்கள். அது ஏன் தரையில் நிற்காது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கப்பலைப் பற்றிய பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.